டியூ தேதி வந்தால் வயிற்றில் ஏன் புளி கரைகிறது? பண பயத்தில் மூளைக்குள் நடப்பது இதுதான்

மாதம் பிறந்து 5-ம் தேதி, காலை எட்டே முக்கால். பெரம்பூர் ரயில் நிலைய நடைமேடை. மூர் மார்க்கெட் பக்கம் போகும் மின்சார ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில் ஒருவரது போன் 'டிங்' என்கிறது. 'கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் உங்கள் தவணை திரும்பியது' என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. அடுத்த சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாய் வறள்கிறது, வயிற்றுக்குள் யாரோ புளியைக் கரைக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் விநோதமாக இருக்கும். எதிரே பாம்பு இல்லை, துரத்தும் நாய் இல்லை. ஆபத்து என்று பார்த்தால் அபராதமாகப் போகும் சில நூறு ரூபாய், சிபில் ஸ்கோரில் ஒரு கீறல், ஒரு ஏஜென்டின் போன் கால். இதுக்கு எதுக்கு உடம்பு ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகுது?

இதற்கு மூளை அறிவியலில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அதைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. பணக் கவலை நம் யோசிக்கும் திறனை என்ன செய்கிறது என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நடந்தது நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை கரும்புக் கொல்லைகளில்தான். அதற்கு வருவோம். முதலில் அந்த 'டிங்'.

பாம்புக்கும் பவுன்ஸுக்கும் ஒரே அலாரம்

காதுக்குச் சற்று உள்ளே, மூளையின் இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பெயர் அமிக்டலா. கண்ணும் காதும் அனுப்பும் தகவலில் 'இது ஆபத்தா?' என்று மோப்பம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ, ஆபத்துத் தகவல் அமிக்டலாவுக்கு இரண்டு வழிகளில் போகிறது என்று விளக்கினார். ஒன்று குறுக்குவழி: வேகம், ஆனால் விவரம் குறைவு. இன்னொன்று பெருமூளையின் மேற்பரப்பைச் சுற்றி வரும் வழி: கொஞ்சம் தாமதம், ஆனால் தெளிவு அதிகம். கயிற்றைப் பார்த்து 'பாம்பு!' என்று துள்ளுவது முதல் வழி. 'அட, கயிறுதான்' என்று சிரிப்பது இரண்டாவது வழி.

அலாரம் அடித்ததும் ஹைப்போதாலமஸ் வழியாக உத்தரவு பறக்கிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் கை, கால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. செரிமானத்துக்கு அந்த நேரத்தில் முன்னுரிமை இல்லை, அதனால் குடலுக்கான ரத்தம் குறைகிறது. வயிறு கலக்குவது இதனால்தான். 'வயித்துல புளியைக் கரைக்குது' என்று சொன்ன நம்ம ஊர்க்காரர்களுக்கு உடலியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது. சில நிமிடங்கள் கழித்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வந்து சேர்ந்து, உடம்பை உஷார் நிலையிலேயே வைத்திருக்கிறது. 'சண்டை போடு அல்லது ஓடு' என்ற இந்த ஏற்பாட்டை 1915-லேயே விவரித்தவர் வால்டர் கேனன் என்ற ஹார்வர்டு உடலியலாளர்.

பிரச்சினை என்னவென்றால், நாயிடமிருந்து ஓடலாம். டியூவிடமிருந்து எங்கே ஓடுவது? சண்டை போடவும் ஆள் இல்லை. நாய் போனதும் அடங்க வேண்டிய அலாரம், மாதம் முழுக்க மெல்லிய சத்தத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அமிக்டலாவை 'பயத்தின் மையம்' என்று யூடியூப் வீடியோக்கள் சொல்வதை லெடூவே ஏற்பதில்லை. அது ஆபத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் கருவி. 'எனக்குப் பயமா இருக்கு' என்று உணர்வதற்கு மூளையின் வேறு பல பகுதிகளும் சேர வேண்டும் என்பது அவர் பிற்காலத்தில் வலியுறுத்திய கருத்து. இன்னொன்றும் சொல்லிவிடலாம்: எல்லாப் படபடப்பும் பண பயம் இல்லை. நெஞ்சுவலி, இடது கை வலி, மூச்சுத்திணறல் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-ல் நடந்த ரயில்வே மருத்துவமனை இருக்கும் ஊரைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது.

500 ரூபாய் கிடைப்பதும் 500 ரூபாய் தொலைவதும்

ரோட்டில் 500 ரூபாய் கிடைத்தால் அன்றைக்குச் சாயங்காலம் வரை சந்தோஷம். பாக்கெட்டில் இருந்த 500 தொலைந்தால் ஒரு வாரத்துக்கு எரிச்சல். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். ஒரே அளவு லாபத்தைவிட இழப்பு நமக்குச் சுமார் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்பது அவர்களது பிந்தைய கணக்கு.

இதில் அமிக்டலாவுக்குப் பங்கு உண்டா? லண்டனில் 20 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து ஒரு சோதனை நடந்தது, 2006-ல் வெளியானது. கையில் 50 பவுண்டு தருவார்கள். ஒருமுறை '20 பவுண்டை வைத்துக்கொள்ளலாம்' என்பார்கள், இன்னொரு முறை '30 பவுண்டை இழப்பீர்கள்' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், இல்லையா? ஆனால் 'இழப்பீர்கள்' என்ற சொல்லைக் கேட்டவர்கள் அதைத் தவிர்க்க சூதாட்டத்தையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். சொல்லுக்கு மயங்கிய அந்த நேரங்களில் அமிக்டலா கூடுதலாகச் செயல்பட்டது.

அதே ஆய்வாளர் பெனடெட்டோ டி மார்டினோ, வேறு இருவருடன் சேர்ந்து 2010-ல் இன்னொன்றும் செய்தார். அபூர்வமான நோயால் அமிக்டலா சேதமான இருவரிடம் பணப் பந்தயம் கட்டச் சொன்னார்கள். அவர்களுக்குப் பணத்தின் மதிப்பு நன்றாகவே தெரிந்தது, கணக்கும் போட்டார்கள். இழப்பைக் கண்டு பின்வாங்கும் அந்தத் தயக்கம் மட்டும் இல்லை. இரண்டே பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் அந்த 'அய்யோ போச்சே' உணர்வு எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின்

இப்போது கரும்புக் கொல்லை. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைப் பரிசோதித்தார்கள்.

ஏன் கரும்பு? கரும்பு விவசாயிக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு தரம்தான் மொத்தமாக வருகிறது. அறுவடை முடிந்ததும் கையில் காசு. அடுத்த அறுவடை நெருங்கும்போது கை வறண்டிருக்கும். ஆக, ஒரே மனிதர் வருஷத்தின் ஒரு பகுதியில் ஏழை, இன்னொரு பகுதியில் பணக்காரர். அதோடு சர்க்கரை ஆலை எல்லாரையும் ஒரே நாளில் வெட்டச் சொல்வதில்லை. 'வெட்டு உத்தரவு' மாதக்கணக்கில் பிரித்துத்தான் வரும். பக்கத்துக் கொல்லைக்காரர் வெட்டி முடித்திருப்பார், இவருக்கு இன்னும் முறை வந்திருக்காது. அதனால் வெயில், மழை, திருவிழா மாதிரியான காரணங்களைத் தள்ளிவிட்டு, பணத்தின் விளைவை மட்டும் பார்க்க ஓரளவு வழி கிடைத்தது.

அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் 4 சதவீதம். முன்னால் 99 சதவீதம் பேருக்குக் கடன். பின்னால் 13 சதவீதம்.

அடுத்துதான் முக்கியம். படங்களின் வரிசையைப் பார்த்து விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனையை இரண்டு காலத்திலும் கொடுத்தார்கள். அறுவடைக்குப் பின் சராசரியாக 5.45 கேள்விகளுக்குச் சரியான விடை. அறுவடைக்கு முன் அதே ஆட்களுக்கு 4.35 மட்டுமே. கவனத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சோதனையை முடிக்க, காசு இருந்தபோது 131 விநாடி, இல்லாதபோது 146 விநாடி. தவறுகளும் கூடின.

ஆள் அதே ஆள். படிப்பும் அனுபவமும் அதே. மாறியது கையிருப்பு மட்டும்தான். இதய வேகமும் ரத்த அழுத்தமும் அறுவடைக்கு முன் கூடுதலாக இருந்ததையும் அவர்கள் அளந்தார்கள். ஆனால் உடம்பின் அழுத்தம் மட்டுமே இந்த வித்தியாசத்தை முழுதாக விளக்கவில்லை என்கிறார்கள். 'வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்றது, பையன் ஃபீஸுக்கு எங்க போறது' என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால், வேறு எதற்கும் இடம் குறைகிறது என்பது அவர்கள் வாதம். பின்னணியில் பத்து ஆப் ஓடும் பழைய போன் மாதிரி.

இந்த ஆய்வுக்கு எதிர்ப்பும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த 2016-ம் ஆண்டு ஆய்வில், சிந்தனைத் திறனில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. மாதச் சம்பளத்துக்கு முந்தைய நாலு நாள் இறுக்கமும், வருஷ அறுவடைக்கு முந்தைய வறட்சியும் ஒன்றல்ல என்பதால் இருக்கலாம். ஆனால் ஒடிசாவிலிருந்து 2021-ல் வெளியான ஆய்வு மறுபடி தமிழ்நாட்டு முடிவின் பக்கமே சாய்கிறது. அங்கே தையல் இலை தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு, சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். கூலி ஒரு ரூபாய் கூடக் கூட்டவில்லை. இருந்தும் அவர்களது உற்பத்தி மணிக்கு சுமார் 7 சதவீதம் உயர்ந்தது, இலைகளில் தவறும் குறைந்தது.

'கடன் வாங்குறவங்களுக்கு அறிவே இல்லை' என்று வீட்டு விசேஷங்களில் பேசும் மாமாக்களுக்கு இந்தப் பத்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

ஒரு நாளைக்கு நூறு ரூபாதானே!

வடசென்னையில் இந்தக் கதைக்குத் 'தண்டல்' என்று பெயர். வியாசர்பாடி, ஓட்டேரி, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் தள்ளுவண்டிக்காரர், மீன் விற்கும் அக்கா, டீக்கடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உதாரணத்துக்கு 10,000 ரூபாய் தண்டல் என்றால் முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள்.

கேட்டால் சின்ன தொகைதான். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பப் போய்க்கொண்டே இருக்கிறது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு சுமார் 120 சதவீத வட்டி. கிரெடிட் கார்டே பரவாயில்லை என்று தோன்றும். அமைதியான மனநிலையில் உள்ள ஒருவர் இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். இரவு 9 மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்டர் முன் நிற்பவரால் முடியாது. அவருக்குத் தெரிவது இரண்டே விஷயம்: இப்போது 8,500 வேண்டும், தண்டல்காரர் ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்.

அந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் பின்வாங்கிவிடுகிறது. திட்டமிடுவது, ஒப்பிடுவது, 'இரு, யோசிக்கலாம்' என்று பிரேக் போடுவது எல்லாம் அதன் வேலை. கடும் அழுத்தத்தில் சுரக்கும் வேதிப்பொருட்கள் இந்தப் பகுதியின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். நாய் துரத்தும்போது வட்டி விகிதம் ஒப்பிடத் தேவையில்லை என்பது மூளையின் பழைய நியாயம்.

ஆனால் எல்லாப் பழியையும் மூளை மேல் போடுவதும் தப்பு. பெரம்பூர் இதற்கு நல்ல உதாரணம். ஒரு பக்கம் 1955-ல் தொடங்கிய ஐசிஎஃப், கேரேஜ், லோகோ பணிமனைகள்: முதல் தேதி சம்பளம் தவறாத ரயில்வே வேலை. இன்னொரு பக்கம் பின்னி மில். 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகத்தான். நூறு வருஷத்துக்கும் மேல் ஓடிய அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. அதன் வளாகத்தை இன்றைய தலைமுறைக்கு சினிமா சண்டைக் காட்சிகளில்தான் தெரியும். ஒரே பகுதியில், ஒரே மாதிரி அமிக்டலாவோடு வாழ்ந்தவர்களில் யாருக்கு அலாரம் அடித்தது, யாருக்கு அடிக்கவில்லை என்பதைத் தீர்மானித்தது அவர்கள் எந்த கேட்டுக்குள் வேலைக்குப் போனார்கள் என்பதுதான். இன்றைக்கு ஐடி கார்டு மாட்டியவர்களுக்கும், டெலிவரி பை மாட்டியவர்களுக்கும் அதே கதை.

லிஸ்ட்ல என் பேர் இருக்குமா?

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் செய்தி வந்தபோது, தூக்கம் கெட்டது அந்த 12,000 பேருக்கு மட்டுமா? சிறுசேரி முதல் அம்பத்தூர் வரை ஐடி கார்டு மாட்டிய எல்லாருக்கும் கெட்டது.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. 2016-ல் வெளியானது. லண்டனில் 45 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு: கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, ஐம்பதுக்கு ஐம்பது என்று இருந்தபோதுதான் வேர்வையும் கண்பாவை விரிவும் அதிகம். கெட்ட செய்தியைவிட, கெட்ட செய்தி வருமா வராதா என்பதுதான் உடம்பை அதிகம் படுத்துகிறது.

பேங்க் ஆப்பைத் திறக்காமலே பத்து நாள் ஓட்டுபவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள். நீங்களாகவும் இருக்கலாம். பங்குச்சந்தை இறங்கும்போது முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கைப் பார்ப்பதைக் குறைத்துவிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டு, இதற்கு 'நெருப்புக்கோழி விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்காதவரை கொஞ்சம் நிம்மதி. ஆனால் பேலன்ஸ் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதும் அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கும் பாம்புதான்.

தூக்கமும் இதில் வந்து சேர்கிறது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் அமிக்டலா, மோசமான படங்களைப் பார்த்தபோது சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது என்று 2007-ல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு காட்டியது. சென்னையிலேயே குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், அவர்கள் இரவில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். படுக்கையில் கிடந்ததோ எட்டு மணி நேரம். அவர்களுக்கு உதவியது இரவுத் தூக்கத்தைக் கொஞ்சம் நீட்டியது அல்ல, பகலில் போட்ட அரை மணி நேரக் குட்டித் தூக்கம். மேனேஜர்கள் கவனிக்க!

பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம்

அமிக்டலாவைப் பற்றி ஒரு பாடப்புத்தகமும் படிக்காமல் அதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் கடன் ஆப் மோசடிக்காரர்கள். கொரோனா காலத்தில் ஐந்து நிமிடத்தில் கடன் கொடுத்தார்கள். ஏழு நாளில் கேட்டார்கள். தராவிட்டால் போனிலிருந்து உருவிய கான்டாக்ட் லிஸ்டில் உள்ள எல்லாருக்கும் மார்ஃபிங் படம் அனுப்பினார்கள். இழப்பு, அவமானம், நேர நெருக்கடி என்று மூன்று அலாரத்தையும் ஒன்றாக அழுத்தும் வித்தை இது. பயத்தில் இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி இதை அடைப்பார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 2021-ல் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, புழக்கத்தில் இருந்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டறிந்தது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியும் இதே தொழில்நுட்பம்தான். வீடியோ காலில் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே கிடையாது.

இதற்குப் பிறகு வந்த விதிகளில் எனக்குப் பிடித்தது, 'கூலிங்-ஆஃப்'. டிஜிட்டல் கடன் வாங்கியவர் குறைந்தது ஒரு நாளுக்குள் மனம் மாறினால், அசலையும் அந்த நாளுக்கான வட்டி விகிதத்தையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். விதி எழுதியவர்கள் மூளை அறிவியல் படித்தார்களோ இல்லையோ, அலாரம் அடங்கி ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் வேலைக்குத் திரும்ப வேண்டிய அவகாசத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. இப்படி ஒன்று இருப்பது கடன் வாங்கும் பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

மற்ற சில உரிமைகளையும் பார்த்துவிடலாம். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக்கூடாது என்பது 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. கடன் ஆப்கள் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட், போட்டோ கேலரியைத் தொடக்கூடாது. தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு அதிக வட்டித் தடைச் சட்டத்தில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி நேர வட்டியோடு தண்டலும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

கட்ட முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், டியூ தேதிக்கு முன்பே கிளைக்கு எழுதிக் கேட்பது நல்லது. தவணையை மாற்றி அமைக்க வங்கி ஒப்புக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பதில் 'முடியாது' என்றாலும், அந்த ஐம்பதுக்கு ஐம்பது பாம்பு விளையாட்டு அதோடு முடிகிறது.

ஆன்லைன் பண மோசடி என்றால் அழைக்க வேண்டிய எண் 1930. வங்கி, நிதி நிறுவனம் மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கியின் 14448. கடன் நெருக்கடியில் தூக்கம் போய், உயிர் வாழ்வதே பாரம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ, தமிழ்நாடு அரசின் 104-லோ, சென்னை சினேகா அமைப்பின் 044-24640050-லோ பேசலாம். இவற்றில் 14416 இரவு 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.